ஒலிக்கோப்பு மாற்றமும் பிழைச்செய்தியும்

எம் கலாசாலையில் நெடுங்காலம் தமிழாசிரியராயிருந்து ஓய்வு பெற்ற பெரியார் ஒருவர், சென்ற ஆண்டில் ஒரு பிற்பகல், தமிழ்ச் சங்கத்து மாணாக்கர் இருவருடன் அமர்ந்து மூன்று மணி நேரம் உரையாடினார். தாம் மாணாக்கராயிருந்த காலத்து விடுதி வாழ்க்கையும், தம் ஆசிரியர்கள் பாடஞ் சொன்ன முறையும், அக்காலத்துக் கலாசாலை நாடக மேடையும் அவ்வுரையாடலில் இடம் பெற்றன. அது மூன்று பகுதிகளாய் ஒலிப்பதிவு செய்யப்பட்டது. ஐந்து திங்கள் கழித்து அவர் காலமானார். நினைவுக் கூட்டத்தில் அவர் குரலைக் கேட்பிக்க விரும்பி அப்பகுதிகளை எடுத்துப் பார்த்தபொழுது, மூன்றனுள் ஒன்றேனும் செவ்வனே ஒலித்திலது. ஒன்று சிறு முயற்சியில் திருந்திற்று. ஒன்று பெருமுயற்சியில் மீண்டது. மூன்றாவது பாதிக்குமேல் அழிந்தொழிந்தது.

இவ்வேறுபாடு யாங்ஙனம் நேர்ந்ததென ஆராய்ந்து யாம் ஒரு முடிவிற்கு வந்தோம். நம்மவருட் பலர், கணினி தன் குறையைத் தானே எடுத்துரைக்கும்பொழுது, அவ்வுரையைப் படிப்பதில்லை. செந்நிற எழுத்தில் ஒரு வரி தோன்றிய மாத்திரத்தே சாளரத்தை மூடுகின்றனர். கோப்பின் பெயரை மாற்றுகின்றனர். வேறொரு மென்பொருளைத் தேடுகின்றனர். அதுவும் இணங்காவிடின் யாரோ ஒருவர் நடத்தும் இணையதளத்திற்குக் கோப்பினை அனுப்பிவிட்டுக் காத்திருக்கின்றனர். நோயாளி வாய் திறந்து தன் நோயைச் சொல்லுமுன் மருந்தை வாயில் ஊற்றும் மருத்துவனை நாம் மெச்சுவோமோ? செய்யுளில் ஓர் அருஞ்சொல் வரின் நிகண்டைப் புரட்டும் நம் மாணாக்கர், பிழைச்செய்தியில் ஓர் அருஞ்சொல் வரின் அதனை ஏறெடுத்தும் பாராமை வியப்பிற்குரியது.

முதற்பகுதியை எடுத்துக்கொள்வோம். அது கைப்பேசியிற் பதிவானது. அக்கைப்பேசி தன் பதிவுகளை எம்4ஏ என்னும் வகையில் எழுதும் இயல்புடையது. ஆடாசிட்டி என்னும் ஒலித்திருத்த மென்பொருளில் அதனைத் திறக்க முயன்ற மாணாக்கருக்கு, இக்கோப்பின் வகை எனக்கு விளங்கவில்லை என்னும் கருத்துடைய செய்தி கிடைத்தது. அவர் உடனே கோப்பின் வால்பெயரை எம்பி3 என்று மாற்றினார். பித்தளைச் செம்பின்மேல் வெள்ளி என்று பொறித்தாற்போன்றது இச்செயல். பெயர் மாறிற்றேயன்றி உள்ளிருந்த ஒலியில் ஓரணுவும் மாறவில்லை, ஆடாசிட்டியும் இணங்கவில்லை.

ஈண்டு ஒரு விஷயத்தைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். ஒலிக்கோப்பு என்பது பேழையும் பேழைக்குள் வைத்த பொருளும் போன்றது. எம்4ஏ என்பது பேழை. அதனுள் ஏஏசி என்னும் முறையாற் சுருக்கிய ஒலி இருத்தல் பெரும்பான்மை. ஏலாக் என்னும் வேறொரு முறையாற் சுருக்கியது இருத்தலும் உண்டு. பேழையைத் திறக்கவும் வேண்டும். உள்ளிருக்கும் பொருளின் சுருக்கத்தை அவிழ்க்கவும் வேண்டும். இவ்விரண்டனுள் எது இயலாதொழிந்தது என்பதைப் பிழைச்செய்தி பெரும்பாலும் குறிப்பாலேனும் உணர்த்திவிடும். எஃப்எஃப்எம்பெக் என்னும் மென்பொருள் உள்வாங்கும் கோப்பின் பெயரை நம்பாது, அதன் தொடக்க எழுத்துக்களைப் பார்த்தே வகையைத் துணிகின்றது. வேவ் கோப்பு ஆர், ஐ, எஃப், எஃப் என்னும் நான்கெழுத்துக்களோடு தொடங்கும். ஃப்ளாக் கோப்பு எஃப், எல், ஏ, சி என்று தொடங்கும். வெளியிடும் கோப்பிற்கோவெனில், வேறு கட்டளை இல்லாதபொழுது, நாம் இட்ட வால்பெயரைக் கொண்டே வகையைத் தெரிந்தெடுக்கின்றது. ஆதலின் பெயர் ஒருபுறம் பொருளற்றதாயும் மறுபுறம் ஆணையாயும் நிற்கின்றது. இந்நுட்பத்தை அறியாதார் படும் இன்னல் கொஞ்சமன்று.

ஆடாசிட்டி 1999-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மட்சோனி, ரோஜர் டானன்பெர்க் என்னும் இருவராற் தொடங்கப்பெற்று, 2000-இல் உலகிற்கு வழங்கப்பட்டது. எஃப்எஃப்எம்பெக் அதே 2000-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டினராகிய ஃபாப்ரிஸ் பெல்லார்டு என்பவராற் தொடங்கப்பட்டது. விண்டோஸ் கணினியில் ஆடாசிட்டி எம்4ஏ கோப்பைத் தானே திறக்கும் வல்லமை உடையதன்று. எஃப்எஃப்எம்பெக்கின் நூலகத்தைத் தனியே நிறுவிக்கொண்டால், அதன் துணையால் திறக்கும். அந்நூலகமும் ஆடாசிட்டியின் பதிப்பிற்கு ஏற்ற பதிப்பாயிருத்தல் வேண்டும். 64 பிட்டு ஆடாசிட்டிக்கு 64 பிட்டு நூலகமே பொருந்தும். முதற்பகுதியின் நோய் இவ்வளவே. நூலகத்தை நிறுவிய கால் மணி நேரத்தில் பெரியாரின் குரல் அறையெங்கும் ஒலித்தது. அதற்குமுன் மூன்று நாட்கள் வீணாயின.

இதனோடு ஒத்த மற்றொரு பிழை, எம்பி3 கோப்பு எழுதப் புகும்பொழுது நேர்வது. லிப் எம்பி3 லேம் என்னும் குறிமுறையாக்கி எனக்குத் தெரியாது என்று எஃப்எஃப்எம்பெக் கூறும். கட்டளையில் எழுத்துப்பிழை இல்லையாயின், அவ்வெஃப்எஃப்எம்பெக்கைத் தொகுத்தவர் லேமைச் சேர்க்காமல் தொகுத்தனர் என்பதே பொருள். மென்பொருள் தொடங்கியவுடன் முதலில் அச்சிடும் நீண்ட வரிகளில், எவை எவை சேர்க்கப்பட்டன என்னும் பட்டியல் உளது. ஆண்டுப் பார்ப்பின் ஐயம் தீரும். லேம் இங்ஙனம் பலவிடத்தும் விலக்கப்பட்டதற்கு ஒரு வரலாறு உண்டு. 1998-இல் மைக் செங் என்பவர் தொடங்கிய லேம், முதலில் தரநிறுவனத்தின் மாதிரி மூலநிரலின்மேல் இடும் திருத்தமாகவே இருந்தது. தனித்து இயங்கும் ஆக்கி அன்று என்பதை அதன் பெயர் விரிவே கூறிற்று. எம்பி3 முறைக்குக் காப்புரிமை இருந்தமையால், அதனைச் சேர்த்து வழங்கப் பலர் அஞ்சினர். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தார் நடத்திய எம்பி3 உரிமத் திட்டம் 2017 ஏப்ரல் 23-இல் முடிவுற்றது. 2019-இல் வெளிவந்த ஆடாசிட்டி 2.3.2 முதல் லேம் உடன் சேர்ந்தே வருகின்றது. அங்ஙனமாகவும், லேம் நூலகத்தை எங்கிருந்தாயினும் இறக்கி நிறுவுக என்னும் பழைய அறிவுரை இன்றும் வாய்மொழியாய் உலவுகின்றது. அதனைக் கேட்டு, அறியாத இடத்திலிருந்து எதையோ இறக்கிக் கணினியைக் கெடுத்துக்கொண்டவரை யாம் அறிவோம். அறிவுரைக்கும் ஆண்டு உண்டு. அதைப் பார்த்தே ஏற்றல் நன்று.

நிற்க, செய்தியைப் படிக்கும் சிலரும் அதன் கடைசி வரியை மாத்திரம் படிக்கின்றனர். மாற்றம் தோல்வியுற்றது என்று எஃப்எஃப்எம்பெக் முடிவில் எழுதும் வரி, இறந்தார் இறந்தார் என்று ஊரில் பறையறைவது போன்றது. இறந்ததன் காரணம் அதிலில்லை. காரணம் நாலைந்து வரிகளுக்கு மேலே கிடக்கும். பலமுறை பின்வரும் பிழைகளெல்லாம் முதற்பிழையின் மக்களாயிருத்தலின், மேலிருந்து கீழாகப் படித்து முதலில் தோன்றும் குறையையே பற்றுதல் வேண்டும். கோப்பின் பெயரில் இடைவெளி இருந்து மேற்கோட்குறி இடாமையால், ஒரு பெயர் இரண்டாய்ப் பிரிந்து, அப்படி ஒரு கோப்பு இல்லை என்று கணினி சொல்வது மிகச் சாதாரணம். கட்டளையின் விருப்பக்குறிகள் தமக்குப் பின்வரும் கோப்பினையே சாரும் என்பதையும் பலர் மறந்துவிடுகின்றனர். உள்வாங்கும் கோப்பிற்கு முன்னே எழுதிய வீதம் உள்வாங்குவதைப் பற்றியதாகும், வெளியிடுவதைப் பற்றியதாகாது. ஓபஸ் ஆக்கிக்கு 44,100 என்னும் வீதத்தைக் கட்டளையாய் இட்டால் அது மறுத்துவிடும். 48,000, 24,000, 16,000, 12,000, 8,000 என்னும் ஐந்தையே அது ஏற்கும். இவையெல்லாம் செய்தியிலேயே எழுதப்பட்டிருப்பன.

இரண்டாம் பகுதியின் கதை வேறு. அதுவும் கைப்பேசியிற் பதிவானதே. ஆயின் உரையாடல் முடியுந் தறுவாயில் மின்கலம் தீர்ந்து கைப்பேசி அணைந்துவிட்டது. கோப்பு இருந்தது, அதன் அளவும் குறைவாயில்லை. எனினும் எந்த மென்பொருளும் அதனைத் திறக்கவில்லை. மாணாக்கருள் ஒருவர், ஆடாசிட்டியில் அதனை மூலத்தரவாக உள்வாங்கிப் பார்த்தார். மழை தகரக் கூரைமேற் பெய்தாற்போன்ற இரைச்சலே வந்தது. சுருக்கப்பட்ட ஒலியைச் சுருக்கப்படாததாகக் கொண்டு படிப்பின் அங்ஙனந்தான் வரும். கோப்பு முற்றிலும் கெட்டுவிட்டது என்று அவர் துணிந்து, அதனை அழிக்கவும் இருந்தார். நற்காலமாக, மற்றொரு மாணாக்கி எஃப்எஃப்எம்பெக் கூறிய செய்தியைத் தாளில் எழுதிக்கொண்டு வந்து எம்மிடம் காட்டினார். மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட் என்பது அச்செய்தி. மூவ் என்னும் கூறு காணப்படவில்லை என்பது அதன் பொருள்.

எம்4ஏ பேழையில் எம்டாட் என்னும் கூறு ஒலியைச் சுமக்கின்றது. மூவ் என்னும் கூறு, அவ்வொலித்துண்டுகள் எங்கெங்கே தொடங்குகின்றன, ஒவ்வொன்றும் எத்துணை நீளம், எம்முறையாற் சுருக்கப்பட்டது என்னும் குறிப்பைச் சுமக்கின்றது. பதிவு நடக்குங்கால் ஒலி எழுதப்பட்டுக்கொண்டே வரும். பொருளடக்கமாகிய மூவ், பதிவு முடிந்தபின்னரே எழுதப்படுவது பெருவழக்கு. மின்கலம் தீர்ந்தமையால் நூல் எழுதி முடிந்தும் பொருளடக்கம் எழுதப்படவில்லை. அதுவும் பக்க எண்ணில்லாத நூல். ஆகவே பெரியாரின் குரல் அக்கோப்பினுள் முழுமையாய்க் கிடந்தது, வழிதான் தெரியவில்லை. அன்ட்ரங்க் என்னும் கட்டற்ற மென்பொருள் இதற்கென்றே அமைந்தது. அதே கைப்பேசியில் அதே அமைப்பிற் பதிவான பழுதற்ற கோப்பொன்றை அதற்குக் காட்டினால், அதனைப் பார்த்துப் பழுதுற்றதன் பொருளடக்கத்தை அது மீளப் புனைந்துவிடும். முன்னே பெயர் மாற்றப்பட்ட முதற்பகுதியே இதற்கு உதவியது. வால்பெயர் மாறியது உள்ளீட்டைத் தீண்டாமையின், அம்மாணாக்கரின் பிழையால் தீங்கொன்றும் விளையவில்லை. இறுதிச் சில நொடிகள் தவிர இரண்டாம் பகுதி முழுதும் மீண்டது. அவ்வொரு வரியைத் தாளில் எழுதிய மாணாக்கியின் செயலே அக்குரலைக் காத்தது என்பதில் எமக்கு ஐயமில்லை.

இனி மூன்றாம் பகுதி. அது ஓர் ஒலிப்பதிவுக் கருவியில் வேவ் கோப்பாகப் பதிவானது; 62 நிமிடம் ஓடியது. கருவியிலிருந்து கணினிக்குப் பிரதி செய்யும்பொழுது, முடியுமுன்னரே யாரோ வடத்தைப் பிடுங்கிவிட்டனர். குறைப்பிரதியை எஃப்எஃப்எம்பெக் எம்பி3 ஆக மாற்றிற்று. பிழை என்னும் சொல் திரையில் ஒருமுறையும் தோன்றவில்லை. மூலப்பிரதி இருந்த அட்டை அடுத்த வாரத்து விழாவிற்காக அழிக்கப்பட்டது. எம்பி3 கோப்பு எம்மிடம் வந்தது. பெற்றோம், பதிவேட்டில் முடிந்தது என்று எழுதினோம். நினைவுக் கூட்டத்திற்கு முதல் நாள் கேட்டபொழுது, நாடக மேடையைப் பற்றிப் பெரியார் சொல்லத் தொடங்கிய ஒரு வாக்கியத்தின் நடுவே ஒலி நின்றது. 19 நிமிடம் 20 நொடியே அதில் இருந்தது.

பிழைச்செய்தி வராத பிழை இதுவே. இதுவே எல்லாவற்றினும் கொடியது. எனினும் அன்றும் கணினி வாளா இருக்கவில்லை. எஃப்எஃப்எம்பெக் தன் பணியின் முடிவில் எழுதும் வரியில், எவ்வளவு காலத்து ஒலியை எழுதினேன் என்பதைக் கூறியே முடிக்கின்றது. 19 நிமிடம் 20 நொடி என்று அது கூறியிருந்தது. எவரும் படித்திலர். சிறு கணக்கொன்று போட்டிருப்பினும் போதும். நொடிக்கு 44,100 மாதிரி, மாதிரிக்கு 16 பிட்டு, இரு தடம் என்னும் அமைப்பில் ஒரு நிமிட ஒலி 1 கோடியே 5 லட்சத்து 84 ஆயிரம் பைட்டு. அறுபத்திரண்டு நிமிடத்திற்கு ஏறக்குறைய 656 மெகாபைட்டு இருத்தல் வேண்டும். அங்கிருந்ததோ 205 மெகாபைட்டு. எம்பி3-க்குப் பதிலாக ஃப்ளாக் ஆக மாற்றும் தனிக் கருவியைக் கையாண்டிருந்தால், தலைப்பில் எழுதிய அளவையும் உள்ளிருக்கும் அளவையும் ஒப்பிட்டு, எதிர்பாராத முடிவு என்று அது கூவியிருக்கும். இக்குற்றத்தில் பெரும்பங்கு எம்முடையது. வடத்தைப் பிடுங்கிய கையைக் காட்டிலும், கேளாமல் ஏற்றுக்கொண்ட கையே தவறுடையது.

இத்துணையும் ஏன், பணம் கொடுத்து ஒரு நிலையத்தாரிடம் செய்வித்துக்கொள்ளலாகாதோ, அல்லது இணையதளம் ஒன்றில் இட்டால் ஒரு நொடியில் ஆகாதோ என்பார் உளர். அத்தகைய தளமொன்றில் இரண்டாம் பகுதியையும் இட்டுப் பார்த்தோம். ஏதோ தவறு நேர்ந்தது, மீண்டும் முயல்க என்பதே அது தந்த முழு விடை. எது, ஏன், எவ்விடத்து என்பன இல்லை. கட்டற்ற மென்பொருள் தன் வயிற்றைத் திறந்து காட்டுகின்றது. அச்செய்தியை எழுதிய மூலநிரலையும் வேண்டுவார் சென்று படிக்கலாம். ஒருவர் தம் வீட்டுக் கதையை நம்பிச் சொன்ன குரலை, முகமறியாதாரது கணினிக்கு அனுப்புதல் முறையோ என்னும் வினாவும் உளது. இதனை எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

ஆயினும் கட்டற்ற மென்பொருளார்மேலும் எமக்கு ஒரு குறை உண்டு. அவர்தம் செய்திகள் தம்மைப் போன்ற வல்லுநருக்கே எழுதப்பட்டன போலும். உள்வாங்குகையில் செல்லாத தரவு கண்டேன் என்னும் ஒரே வரியை எஃப்எஃப்எம்பெக் பத்து வேறு நோய்களுக்குக் கூறுகின்றது. வெற்றுக்கோப்பிற்கும் அதுவே, பாதியில் அறுந்த கோப்பிற்கும் அதுவே. மூவ் ஆட்டம் என்று சொல்வதினும், பதிவு முடியுமுன் கருவி நின்றிருக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தால் எத்துணை கோப்புக்கள் அழியாமல் தப்பும்! இக்குறையைத் தீர்க்க வல்லார் அம்மென்பொருளை ஆக்குவோர் மாத்திரமல்லர். குறைகண்டவன், மென்பொருளின் பதிப்பு எண், இட்ட கட்டளை, வந்த செய்தி முழுதும், பழுதுற்ற ஒரு சிறு மாதிரி ஆகியவற்றை அவர்களுக்கு எழுதியனுப்பினால் அவர்கள் திருத்த இடமுண்டு. எஃப்எஃப்எம்பெக்கில் ரிப்போர்ட் என்னும் விருப்பக்குறியை இட்டால் செய்தி முழுதும் ஒரு தனிக் கோப்பில் எழுதப்பட்டுவிடும். படியெடுக்கும் தொல்லையும் இல்லை. எம் கலாசாலையிலிருந்து இங்ஙனம் ஒரு கடிதமேனும் சென்றதாக யாம் அறியோம்.

மூலக்கோப்பைப் பற்றி இன்னும் ஒன்று. எம்4ஏ-யில் ஒருமுறை சுருக்கிய ஒலியை மறுபடி எம்பி3 ஆகச் சுருக்கினால், முதற்சுருக்கத்தில் இழந்ததன்மேல் இரண்டாம் இழப்பும் சேரும். பின்னர் வேவ் ஆக்கினும் இழந்தது மீளாது. ஆதலின் கேட்பதற்கு எம்பி3 வேண்டுவோர் அதனைப் பிரதியிலிருந்து ஆக்கிக்கொள்க. பதிவான கோப்பினைப் பதிவானபடியே இரண்டு இடங்களில் வைத்தல் வேண்டும். இவ்வாண்டு முதல், மூலத்தின் கால அளவும் மாற்றியதன் கால அளவும் ஒரே வரியில் எழுதப்பட்டு, இரண்டும் ஒத்துள்ளன என்று ஒருவர் கையொப்பமிட்ட பின்னரே பதிவுக்கருவியின் அட்டை அழிக்கப்படும் என்று சங்கத்தில் முடிவு செய்துள்ளோம். பழைய நாடாக்களைக் கணினியில் ஏற்றிவரும் அன்பர்களும் வேவ் கோப்பு 4 ஜிகாபைட்டு எல்லையைத் தாண்டவியலாதென்பதை நினைவிற்கொள்க; மேற்கூறிய அமைப்பில் அது ஏறக்குறைய 6 மணி 45 நிமிடத்தில் நிரம்பிவிடும். இரவெல்லாம் ஓடவிட்டுக் காலையில் வந்து பார்ப்பது ஆகாது.

பெரியாரின் முதலிரு பகுதிகளும் மூலமாகவும் ஃப்ளாக் பிரதியாகவும் நூல்நிலையத்தில் உள்ளன. வேண்டுவோர் அங்குக் கேட்கலாம். மூன்றாம் பகுதியில் எஞ்சிய 42 நிமிடத்தும் நாடக மேடையைப் பற்றியே அவர் பேசினார் என்று உடனிருந்த மாணாக்கர் கூறுகின்றனர். அதே செய்தியை அவர் வேறெங்கேனும் பேசக் கேட்டுப் பதிந்துவைத்த பழைய மாணாக்கர் எவரேனும் இருப்பின், எவ்வகைக் கோப்பாயினும், திறவாததாயினும், பெயரை மாற்றாது அப்படியே எமக்கு அனுப்ப வேண்டுகின்றோம்.